புளிக்காத இலை

பாப்போம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறான். காலையில் விடுதிப் படுக்கையில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, மேல்கட்டிலில் தூங்குகிற வகுப்புத்தோழி மிருணாளினி முழித்துவிடக் கூடாதென்று போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். குடிக்க மாட்டேங்கா, பாப்போம். எதைப் பார்ப்பான்? ஏழு மாதப் பிள்ளை பாட்டிலைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டு மூஞ்சியைத் திருப்புகிறது என்றால் அதில் பார்க்க என்ன இருக்கிறது, அது என்ன கிரிக்கெட்டா, கடைசி ஓவர் வரைக்கும் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறதற்கு. இவனுக்கு எல்லாமே பாப்போம்தான். ஹீட்டர் ஓடவில்லை, வீட்டு ஓனரிடம் சொல்லுங்க என்றால் பாப்போம். ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்றால் பாப்போம். வலி வந்து நான் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், டாக்ஸிக்குப் போன் போடுங்க என்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்ட்டி என்றவன். கோமதிநாயகம் என்று தாத்தா பெயரை வைத்தார்களே, அந்தத் தாத்தாவின் நிதானத்தையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நான் அனுப்பியதெல்லாம் வரிசையாக நிற்கிறது, ஒன்றுக்கும் டிக் நீலமாகவில்லை. குடிச்சாளா. எவ்வளவு குடிச்சா. மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, சுடுதண்ணில வைங்க. படுக்கப் போட்டுக் குடுக்காதீங்க, பொறை ஏறிரும். ஏங்க. ஏங்க. இந்தக் கடைசி ஏங்க-வுக்காவது பதில் சொல்லலாம். நானோ இங்கே டப்ளினில், இரும்புத் தடுப்புக்குப் பின்னால், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், பச்சை டீ-சர்ட்டும் அதற்கு மேல் பொத்தான் போட முடியாத கோட்டுமாக நின்றுகொண்டிருக்கிறேன். எதிரே தெருவில் இன்னும் ஒன்றும் வரவில்லை. தூரத்தில் மேளம் மட்டும் கேட்கிறது. எனக்கு முன்னால் நிற்கிறவன் தலையில் குடம் உயரத்துக்குப் பச்சைத் தொப்பி. அதனால் ஊர்வலம் வந்தாலும் எனக்குத் தெரியப்போவது அந்தத் தொப்பிதான். மிருணாளினி என் தோளில் இடித்து, "அக்கா, ஒரு செல்ஃபி. கொஞ்சம் சிரிங்களேன், பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நிக்கறீங்க" என்கிறாள். சிரித்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "வேணாம், நீங்க முன்னாடி மாதிரியே இருங்க" என்றாள்.

சிரிப்பு எங்கிருந்து வரும். இந்த நாளை நான் இப்படியா நினைத்து வைத்திருந்தேன். ஐந்தோவனில் என்னோடு படிக்கிற லோட்டே, "மார்ச் பதினேழுக்கு, அவங்க புனிதர் திருநாளுக்கு, டப்ளின் போகலாமா, மலிவா டிக்கெட் இருக்கு" என்று கேட்டபோது மற்றவர்களுக்கெல்லாம் பீர் ஞாபகம் வந்திருக்கும். எனக்குக் கொலம்பா சிஸ்டரின் குண்டூசிதான் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிக் கான்வென்டில் வருஷா வருஷம் அன்றைக்கு அசெம்பிளிக்கு முன்னால், இந்த நாட்டில் பிறந்த சிஸ்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், மடியில் ஒரு தட்டு, தட்டு நிறையப் புளியாரை. அவள் ஊரில் முளைக்கிற மூன்றிலைச் செடி எங்கள் வெயிலுக்கு வரவே வராது. ஒவ்வொரு வருஷமும் விதை தருவித்துத் தொட்டியில் போட்டுப் பார்த்துச் செத்துச் செத்துப் போனபிறகு, தோட்டக் குழாயடியில் தானாக முளைத்துக் கிடக்கிற புளியாரையைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டாள். அதற்கும் மூன்று இலைதானே. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் ஒரு கொத்தை வைத்துக் குத்தும்போது அவள் கை நடுங்கும், அநேகமாகத் தோலையும் சேர்த்துக் குத்துவாள். கத்தினால், "ஏளா, சும்மா இரி" என்பாள். அறுபது வருஷம் எங்கள் பக்கத்திலேயே இருந்து எங்களை மாதிரியே ஏளா போடக் கற்றவள், அந்த ஏளாவை மட்டும் தன் ஊர் இழுப்பில் இழுப்பாள். எங்கள் தேசத்தில் இன்றைக்கு ஒரு சத்தம் இருக்காது பிள்ளைகளா, எல்லாரும் கோயிலுக்குப் போய் முழங்காலில் நிற்பார்கள், அப்புறம் பச்சை வயல் வழியே மெதுவாக நடந்து வீட்டுக்கு வருவார்கள் என்று சொல்லும்போது அவளுக்குக் கண் நிறையும். எங்களுக்கோ அந்த உருக்கமெல்லாம் இல்லை, புளியாரை எப்போது கைக்கு வரும் என்பதுதான். மதிய மணி அடிக்குமுன் ஒருத்தி நெஞ்சிலும் இலை இருக்காது, காம்பும் ஊசியும்தான் இருக்கும். என்ன புளிப்பு. உப்பு இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமென்று சித்திரகலா டிபன் டப்பாவில் உப்புப் பொட்டலம் கொண்டுவருவாள். அப்படித்தான் எனக்குள் இந்த ஊர் உட்கார்ந்திருந்தது. சத்தமில்லாத ஊர், முழங்காலில் நிற்கிற ஊர், புளிக்கிற ஊர். இந்துப் பெண் நான், எங்கள் ஊர்க் கோயில் செண்பகவல்லி அம்மன் பெயரை வைத்திருக்கிறவள், எனக்கு எதற்கு இதெல்லாம். ஆனால் ஒரு தடவை பார்க்கணும் என்று உள்ளே கிடந்திருக்கிறது. விசாவுக்கு எழுதிப் போட்டு, காத்திருந்து, வந்து பார்த்தால்! லோட்டே கூட்டம் விடிந்ததுமே பாருக்குப் போய்விட்டது. காலை பத்து மணிக்கே ஒருத்தன் சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறான். பச்சைத் தாடி ஒட்டிய இன்னொருத்தன் நாய்க்கும் பச்சைச் சட்டை போட்டிருக்கிறான், நாய் என்னைப் பார்த்த பார்வை நான் அவனைப் பார்த்த பார்வை மாதிரியே இருந்தது. கோயில் என்று ஒன்றுக்குப் போனோம், வாசலில் டிக்கெட் கவுன்டர். சிஸ்டர், உங்க ஊர்ல இன்னைக்கு முழங்கால்ல நிக்கிறவங்க எல்லாம் வாந்தி எடுக்கிறதுக்குத்தான் நிக்கிறாங்க.

அந்தக் கோயிலுக்கு வெளியேதான் பிளாஸ்டிக் தொட்டிகளில் செடி விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு பெண், குளிருக்குக் கை விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு. சின்னத் தொட்டி, டம்ளர் அளவு. ஷாம்ராக், சிஸ்டர் ஊர்ச் செடி. மூன்று மூன்று இலை. விலைகூடக் கேட்காமல் வாங்கிவிட்டேன். வாங்கின கையோடு, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய, அந்த இலையை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் வேறு எதுவும் செய்ததில்லையே. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "அது தின்கிறதற்கு இல்லம்மா" என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது, பல்லில் பட்டதுமே. புளிக்கவில்லை. புல். மாட்டுக்குப் போடுகிற பச்சைப் புல்லின் ருசி, அதுவும் பாதி. புளியாரை புளிக்கும், இது புளிக்காது, இரண்டும் வேறு வேறு செடி, வேறு வேறு குடும்பமே. மண்ணியல் படிக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், படித்தது ஒரு பக்கம் கிடக்கிறது, நாக்கு ஒரு பக்கம் கிடக்கிறது. மிருணாளினி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நீங்க ஆடா?" இதைக்கூடப் புளிக்க வைக்கத் துப்பில்லாத ஊருக்கா நான் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன் என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல், துப்பவும் முடியவில்லை, சிஸ்டருக்காக முழுங்கித் தொலைத்தேன். தொட்டி இப்போது கோட்டுப் பையில் இருக்கிறது. நசுங்காமல் இருக்க ஒரு கையை அதற்குக் காவல் வைத்திருக்கிறேன். இன்னொரு கையில் போன். பதில் இல்லை.

பதில் ஏன் இல்லை. இருக்கக்கூடிய காரணங்களை யோசிக்கக் கூடாது என்று யோசிக்கிறேன். ஆவுடை, என் பிள்ளை, அழுதுகொண்டே இருக்கிறாள், அவன் தோளில் போட்டு நடந்துகொண்டிருக்கிறான், போன் வேறு அறையில். இது சரி, இதுவாக இருக்கட்டும். அல்லது அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள், அவனும் தூங்கிவிட்டான். இதுவும் சரி. இல்லை, இது சரியில்லை, பால் குடிக்காமல் பிள்ளை அப்படித் தூங்கினால் அது தூக்கமா மயக்கமா என்று இவனுக்குத் தெரியுமா, உச்சியைத் தொட்டுப் பார்ப்பானா, டயப்பர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பானா, பாப்போம் என்பான். அல்லது வற்புறுத்திக் கொடுக்கப் போய்ப் பொறை ஏறி. அந்த வார்த்தைக்கு மேல் போகாதே. போகாதே என்றால் போகாமல் இருக்கிற மனசா இது. அவள் பிறந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை. இருட்டில் எழுந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைப்பேன். மேல் உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவே, தொடாமல். சூடான இழை ஒன்று விரலில் படும் வரைக்கும் என் மூச்சு நிற்கும். பட்டதும் படுப்பேன். படுத்ததும் சந்தேகம் வரும், அது அவள் மூச்சா, ஜன்னல் இடுக்குக் காற்றா. மறுபடி எழுந்து வைப்பேன். குழந்தை நல மையத்து நர்ஸ், நீ தூங்குகிறாயா என்று கேட்டாள், நல்லா தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து வீட்டுப் படியேறும்போது கால் தடுக்கிற்று. ஒரு நாள் விரல் பட்டு அவள் முழித்து அலறிவிட்டாள். அதற்குத்தான் அவன் அப்படிச் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, பிள்ளையைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "எங்கயாவது ரெண்டு நாள் போய்ட்டு வாட்டி செம்பா. அவளும் கொஞ்சம் மூச்சு விடட்டும்." மூச்சு விடட்டும். நான் என்ன கழுத்தையா பிடித்துக்கொண்டிருக்கிறேன். சரி போகிறேன் என்று அந்தக் கோபத்தில்தான் லோட்டேயிடம் டிக்கெட் போடச் சொன்னேன், அப்புறம் அவன் தடுத்துவிட மாட்டானா, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று காத்துக்கொண்டே இருந்தேன். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற வரைக்கும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "நான் பாத்துக்க மாட்டேனா" என்றான். பாத்துக்கிறேன் என்று சொல்கிறவனை நம்பலாம். பாத்துக்க மாட்டேனா என்று என்னைத் திருப்பிக் கேட்கிறவனை நம்பி எப்படிப் போவது. உள்ளே நாற்காலி மேல் துணி மலையாகக் கிடக்கிறது, என் நைட்டி மேலாகவே கிடக்கிறது, பால் வாடையோடு. அதையாவது மெஷினில் போடுங்க என்று சொன்னேன், வாசலில் சொன்னேன், ஏர்போர்ட்டிலிருந்து போனில் சொன்னேன், இங்கே வந்து இறங்கியதும் சொன்னேன். போட்டுரலாம் என்றான். போட்டிருக்க மாட்டான்.

இப்போது மேளம் பக்கத்தில் வந்துவிட்டது. கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் சாய்கிறது, யாரோ ஒருவன் முழங்கை என் விலாவில் அழுத்துகிறது. தொப்பிக்காரனின் தொப்பிக்கு மேலே ஏதோ பெரிய காகித மீன் நீந்திப் போகிறது. மிருணாளினி கத்துகிறாள், எல்லாரும் கத்துகிறார்கள். அதற்கு நடுவே, எங்கோ வலது பக்கம், ஒரு பிள்ளை அழுகிறது. பசி அழுகை. பயந்த அழுகை வேறு, தூக்கத்து அழுகை வேறு, இது பசிதான். யார் பிள்ளையோ. என் உடம்புக்கு அது யார் பிள்ளை என்றெல்லாம் கவலை இல்லை. நெஞ்சில் முள் முள்ளாகக் குத்துகிறது, கட்டியாக இறுகுகிறது, ஐயோ வேண்டாம் என்பதற்குள் பால் இறங்கிவிட்டது. காலையிலேயே கல் மாதிரி இருந்ததைப் பீய்ச்சிவிட்டுத்தான் வந்தேன், பால் எடுக்கிற பம்ப்பை விடுதியிலேயே வைத்துவிட்டேன். "ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்கா, அதை ஏன் சுமக்கறீங்க" என்று சொன்ன மிருணாளினியை இப்போது என்ன செய்யலாம். குனிந்து பார்த்தால் பச்சை டீ-சர்ட்டில் இரண்டு கரும்பச்சை வட்டம், பெருகிக்கொண்டே போகிறது. பொத்தான் போடாத கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்குப் போகணும்" என்றேன். "இப்பவா? இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு!" "இப்ப." அவள் என் முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், இருபத்திரண்டு வயசுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. "ஓ. ஓ காட். சாரிக்கா" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த காபியை ஒரே வாயில் குடித்து, காலிக் காகிதக் கோப்பையை என் கையில் திணித்தாள், ஏதோ மருந்து கொடுக்கிற மாதிரி. அந்த நிமிஷத்தில் அவள் செய்த உருப்படியான காரியம் அதுதான், அது அவளுக்கே தெரியாது.

முட்டி மோதி வெளியே வந்து முதல் பாரில் நுழையப் போனால் வாசலில் நின்றவன் ஆள் நிரம்பிவிட்டது என்றான். இரண்டாவதில் உள்ளே விட்டார்கள், கழிவறைக்கு வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கிறது. எல்லாம் பெண்கள், எல்லாரும் பச்சை, எல்லாரும் பாடுகிறார்கள். நான் கடைசியில் நின்று நெஞ்சோடு கையைக் கட்டி அழுத்திக்கொண்டிருந்தேன், அழுத்தினால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், நிற்கவில்லை. எனக்கு முன்னால் ஆரஞ்சு டோப்பா வைத்த ஒரு பெரிய பெண், அறுபது வயசு இருக்கும், திரும்பிப் பார்த்தாள். கோட்டு விலகியிருந்தது. பார்த்தாள், புரிந்துகொண்டாள், அப்படி ஒரு குரலில் கத்தினாள், "யேசு மரி சூசையே! பால்கட்டிப்போன பொண்ணு ஒருத்தி இங்க நிக்கிறா, வழி விடுங்கடி எல்லாரும்!" அவள் இங்கிலீஷில்தான் கத்தினாள், ஆனால் எனக்கு அது அப்படியே தமிழில்தான் விழுந்தது, ஏனென்றால் அது கொலம்பா சிஸ்டரின் கத்தல். புளியாரையைத் தின்றுவிட்டு நிற்கிற எங்களைப் பார்த்து, யேசு மரி சூசையே என்று தலையில் கை வைப்பாளே, அதே மூக்கு, அதே இழுப்பு. இந்த ஊருக்கு வந்த பிறகு சிஸ்டரின் ஊர் மாதிரி நான் பார்த்தது இது ஒன்றுதான், அதுவும் கழிவறை வரிசையில், டோப்பாவோடு, பீர் வாடையோடு. வரிசை முழுக்கச் சுவரோடு ஒட்டி வழி விட்டது. கை தட்டினார்கள். கல்யாணப் பெண்ணைக் கூட்டிப் போகிற மாதிரி என்னைக் கடத்திவிட்டார்கள். "எத்தனை மாசம்?" "ஏழு." "பிள்ளை எங்கே?" "அவ அப்பாகிட்ட. வேற நாட்டுல." டோப்பாக்காரி சொன்னாள், "அப்பாகிட்டயா? அப்போ வேண்டிக்கோ." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், கதவைச் சாத்தியதும் அது அழுகையாக இருந்தது.

கோட்டை ஆணியில் மாட்டினேன். சுவரில் சாய்ந்து, கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கையாலேயே. வெளியே பாட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "நல்லா வருதா?" என்று கேட்கிறாள், நான் "வருது" என்கிறேன், அதற்கும் ஓர் ஆரவாரம். காபி வாடையின் மேல் வெள்ளையாக ஏறி ஏறி முக்கால் கோப்பைக்கு வந்தது. கல் இளகியது. தோள் இறங்கியது. துடைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு சிங்க் பக்கம் வந்து, ஊற்றக் கோப்பையைச் சாய்த்தேன். சாய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. சாக்கடையில் விடாதே, கால் படுகிற இடத்தில் ஊற்றாதே, எறும்பு ஏறக் கூடாது, சூட்டில் படக் கூடாது, பட்டால் பால் வத்திரும், செடி மூட்டில், வேரடியில் ஊற்று. பிரசவமான அன்றே அம்மா போனில் சொன்னது. எனக்குத் தெரியும், எறும்புக்கும் என் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெரிந்துகொண்டேதான் ஐந்தோவன் வீட்டில் மீந்ததையெல்லாம் அடுப்படி ஜன்னலில் இருக்கிற கொத்தமல்லித் தொட்டிக்கு ஊற்றுகிறேன். தாய்ப்பால் குடுத்துக் கொத்தமல்லி வளக்கிற ஒரே வீடு என்று அவன் கேலி செய்வான், அந்தக் கொத்தமல்லியைத்தான் ரசத்திலும் போட்டுக்கொள்வான். இன்றைக்கு, அவள் குடித்தாளா இல்லையா என்று தெரியாத இன்றைக்கு, இதைச் சாக்கடையில் விட என்னால் முடியாது. ஒருவேளை விட்டு, அப்புறம் ஏதாவது என்றால். என்றால் என்ன, இரண்டுக்கும் என்ன சம்பந்தம், படித்தவள்தானே நீ. படித்தவள்தான். கோப்பையோடு வெளியே வந்தேன்.

ஒரு கையில் தாய்ப்பால், ஒரு கையில் பேசாத போன். இந்த லட்சணத்தில் டப்ளினின் குடிகாரர்கள் அத்தனை பேர் நடுவிலும், தளும்பாமல், தீச்சட்டி எடுத்து வருகிறவள் மாதிரி நடக்கிறேன். ஒருத்தன் மோத வந்தான், கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுழன்று தப்பித்தேன். "என்னம்மா குடிக்கிறே, கிரீம் லிக்கரா? எனக்கும் ஒரு வாய்" என்றான் பச்சைத் தாடி. எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தை ஒன்றைத் தமிழிலேயே சொன்னேன், கான்வென்டில் படித்தவள் சொல்லக் கூடாதது. அவன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான். செடி, ஒரு செடி, ஒரு மரத்து மூடு. தெருவெல்லாம் கல். மரம் இருக்கிற இடத்தில் மரத்தைச் சுற்றி இரும்பு வளையம், வளையத்தின் மேல் சிகரெட், அதன் மேல் ஒருத்தன் நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கிறான். கால் படுகிற இடம் என்று அம்மா சொன்னாளே தவிர இதையெல்லாம் அவள் யோசித்திருக்க மாட்டாள். மூடியிருந்த ஒரு கடை வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது இடுப்பில் ஏதோ குத்தியது. கோட்டுப் பையில் தொட்டி. இவ்வளவு நேரமும் செடியைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் செடி தேடியிருக்கிறேன். யேசு மரி சூசையே. எடுத்து மடியில் வைத்தேன், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, ஆனால் நின்றது. அப்போதுதான் போன் அதிர்ந்தது. வீடியோ.

எடுத்ததும் முதலில் கூரைதான் தெரிந்தது. அப்புறம் ஆடி அசைந்து அவன் தாடை, மூக்குத் துவாரம், இந்த மனிதனுக்கு இன்னும் போன் பிடிக்கத் தெரியாது. "ஏங்க! அவ எங்க? என்னாச்சு? ஏன் எடுக்கல? நான் எத்தன—" "ஸ்ஸ்ஸ். கத்தாதட்டி, இப்பத்தான் கண்ண மூடியிருக்கா." "குடிச்சாளா?" "குடிச்சா." "எவ்வளவு?" "முழுசும். இன்னொண்ணும் சூடு பண்ணிக் குடுத்தேன், அதுல பாதி." எனக்குக் காது அடைத்தது. ஊர்வலத்துச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "எப்பிடி?" என்றேன். அவன் தாடையைச் சொறிந்துகொண்டான். "எப்பிடிங்க குடிச்சா? நேத்துல இருந்து மாட்டேன்னவ." "சிரிக்கக் கூடாது." "நான் சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?" போனை மெதுவாகத் தள்ளிப் பிடித்தான். நைட்டி. என் நைட்டி. மெரூன் பூப்போட்ட, கழுத்தில் பைப்பிங் வைத்த, மெஷினில் போடச் சொல்லிச் சொல்லி நான் தொண்டை வற்றிய அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு, கோமதிநாயகம், மீசையும் கண்ணாடியுமாக, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தோள் பக்கம் தையல் விட்டிருந்தது. அவன் நெஞ்சின் மேல், அந்தப் பூக்களில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு, வாயோரம் பால் காய்ந்து, ஆவுடை. "உன் வாடைக்குத்தான் பாட்டில வாய்ல வாங்குதா. தோள்ல போட்டுப் பாத்தேன், பிடிச்சு இழுத்துட்டே கெடந்தா, சரின்னு மாட்டிட்டேன். கழத்துனா முழிச்சிருதா. போன் அடுப்படில கெடந்து கத்துது, எந்திரிக்க முடியல. இப்பத்தான் மெதுவா போயி எடுத்துட்டு வாரேன். போற வழில பார்சல்காரன் வேற மணியடிச்சான், இப்பிடியே போயி வாங்கினேன்." நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது வேறு. துவைத்திருந்தால். நான் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரே ஒரு தடவை அவன் துவைத்திருந்தால். "பாரு, நல்லா பாத்துக்கோ" என்று கிசுகிசுத்து அவள் முகத்துக்குக் கிட்டே போனைக் கொண்டுவந்தான்.

மூக்கு. மேல் உதடு. நடுவே அந்த இடம். எனக்கு விரல் துடித்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் கோப்பை. கோப்பையைக் கீழே வைக்கலாம், கால் படுகிற இடம். யோசிக்காமல் மடியிலிருந்த ஷாம்ராக்கின் மூட்டில் சாய்த்தேன், மெதுவாக, முழுவதையும். மண் குடித்தது, மீதி தொட்டியின் அடி ஓட்டை வழியே வழிந்து என் ஜீன்ஸில் இறங்கிச் சூடாகப் பரவியது. காலியான கோப்பையை வைத்துவிட்டு விரலைக் கொண்டுபோய்த் திரையில் அவள் மூக்குக்குக் கீழே வைத்தேன். தொடாமல் வைக்கத்தான் பார்த்தேன். குளிரில் விரல் நடுங்கிப் பட்டுவிட்டது, என்னவோ பொத்தான்கள் முளைத்தன, சிவப்பு ஒன்றில் பட்டு அழைப்பு அறுந்துபோயிற்று. என் முகம்தான் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்தது. திரும்பக் கூப்பிடப் போனேன். கடைசியாகத் தெரிந்தது கண்ணில் இருந்தது. நைட்டியின் பெரிய மெரூன் பூ ஒன்று, அவள் முதுகுக்குப் பக்கத்தில், மேலே போய்க் கீழே வந்தது, மேலே போய்க் கீழே வந்தது. அது அவள் மூச்சா அவன் மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் கூப்பிட்டால் மணி அடிக்கும், அவன் அசைவான், அவள் முழிப்பாள். தெருமுனையில் இன்னொரு மேளம் திரும்பியது. மிருணாளினி எங்கிருந்தோ "அக்கா! செம்பா அக்கா!" என்று கத்திக்கொண்டு வருகிறாள். நான் தட்டெழுதினேன், எழுத்து ஒவ்வொன்றாக, ஈர விரலால்.

நைட்டியத் தொவைக்காதீங்க.